ஈரம் காயாத படம்

என் தம்பி பிழைப்புக்குக் கடைகளின் பெயர்ப் பலகை எழுதுகிறான். எழுதப் போகிற இடங்களில் வேலை செய்யும் குழந்தைகளைப் பார்த்துவிட்டு வந்து வரைவான். லாரி கழுவுகிறவன், பழைய காகிதம் பிரிக்கிறவள், செங்கல் சுமக்கிறவன் என்று பதினோரு படங்கள். வரைந்ததைக் காட்டலாமென்று திரும்பிப் போனால் பாதிப் பேர் அங்கே இருக்க மாட்டார்கள். எங்கே போனார்கள் என்று விசாரித்துத் தெருத்தெருவாக அலைவான். வீட்டிலும் அப்படித்தான். சாப்பிட உட்கார வைத்தால் தட்டோடு எழுந்து போய்ப் படத்தின் முன்னால் நிற்பான்.

அந்தப் படங்களுக்கு ஒரு கண்காட்சிக் கூடத்தில் இடம் கிடைத்தது. பலகை எழுதுகிறவர்களில் வேறு யாருக்கும் அது வாய்த்ததில்லை. பன்னிரண்டாவது படம் நான். ஒன்பது வயதில் தையல்கடையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த நான்.

படங்களை ஏற்ற நான்கு மணிக்கு வேன் வரவேண்டும். மூன்றரைக்கு என்னைக் கூப்பிட்டான்.

"அக்கா, ஒரு தடவ பாத்துச் சொல்லு. ஆனா குறை மட்டும் சொல்லிடாத."

"அப்ப எதுக்குடா கூப்பிட்ட?"

நான் உட்கார்ந்திருந்த பலகை, பொத்தான் டப்பா, கலைந்த சடை எல்லாம் சரி. நடுவிரலில் மட்டும் பளபளவென்று ஓர் இரும்பு உறை. ஊசி குத்தாமலிருக்கத் தையல்காரர்கள் மாட்டுவது. இப்போது நான் மாட்டுவதைப் பார்த்து வரைந்திருக்கிறான். அது பெரியவர்கள் அளவில்தான் வரும். அன்றைக்கு என் விரலில் நிற்காமல் கழன்று விழும். அதனால் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி நூலால் கட்டியிருந்தேன்.

சொன்னால் மாற்றுவான். மாற்றினால் காயாது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

"என்னக்கா முழிக்கிற?"

சொல்லிவிட்டேன். கத்துவான் என்று பார்த்தேன்.

"எத்தன சுத்து?"

"ரெண்டு. முடிச்சு உள்ளங்கைப் பக்கம்."

கத்தியால் படத்திலிருந்த அந்த விரலைச் சுரண்ட ஆரம்பித்தான். வேன்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, பொண்ணு அலங்காரம் இன்னும் முடியலயா?"

"அஞ்சு நிமிஷம்ணே."

ஐந்து நிமிடம் ஒரு மணி நேரம் ஆனது. பதினோரு படங்களும் வேனில் ஏறிவிட்டன.

"ஈரத்தோட இத ஏத்த மாட்டேன். மத்ததுல ஒட்டிக்கிட்டா என் தலையத்தான் உருட்டுவீங்க," என்று சொல்லிவிட்டு வேனை எடுத்தார்.

ஆறு மணிக்குக் கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு கிளம்பினோம். "மெதுவா வா" என்பான். உடனே "சீக்கிரம் வா" என்பான். எதிரே வந்தவர்களை எல்லாம் ஒதுங்கச் சொன்னான். ஒரு தூணையும் சொன்னான்.

கூடத்துப் பெண் சாவியோடு வாசலில் நின்றிருந்தார். படத்தைப் பார்த்தார், எங்கள் கையிலிருந்த சாயத்தைப் பார்த்தார், கதவை மறுபடி திறந்தார்.

மாட்டி முடித்ததும் தம்பி என் கையை இழுத்து விரலைப் புரட்டிப் பார்த்தான்.

"ரொம்பக் குத்துச்சாக்கா?"

"குத்தாம? நேரா மாட்டியிருக்கான்னு பாரு. இடது பக்கம் இறங்கியிருக்கு."