துட்டி கேட்டுவிட்டுப் போனவன்

அப்பா இறந்த அன்று பெங்களூரிலிருந்து அவனுடைய செய்தி ஃபோனில் வந்தது. "ரொம்ப வருத்தமா இருக்குலே. தைரியமா இரு." இலத்தூர்க்காரன். கல்லூரியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன். ஆய்க்குடியில் எங்கள் வீட்டுச் சோற்றை எத்தனையோ நாள் தின்றவன்.

லீவு கிடைத்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். ஃபோனில் வந்த துக்கத்தையும் துக்கம் என்று எடுத்துக்கொள்ள முடிந்தது. அம்மாவால் முடியவில்லை. "அவன் வரலையாலே?" என்று பதினாறாம் நாள் வரை கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்தினாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நானும் அவனும் பண்டிகைக்கு ஃபோனில் வாழ்த்துப் படம் அனுப்பிக்கொண்டோம். பேசவில்லை. வரவில்லையே என்ற கூச்சம் அவனுக்கு. அதை எப்படிக் கேட்பது என்ற கூச்சம் எனக்கு. உறவு விட்டுப்போகச் சண்டை எதுவும் வேண்டியதில்லை.

போன ஆனியில், சாரல் விழுந்த ஒரு காலையில், பைக்கில் வந்து இறங்கினான். ஆவணியில் குற்றாலத்தில் அவனுக்குக் கல்யாணம். சிரித்துக்கொண்டே பத்திரிகையை நீட்டினான். அம்மா கையை நீட்டவில்லை. சாவுக்கு வந்து துக்கம் விசாரிக்காத, துட்டி கேட்காத வீட்டில் நல்லதைச் சொல்லக்கூடாது. அவனும் இந்தப் பக்கத்துப் பிள்ளைதான், மறந்திருந்தான்.

"அத பைக்குலயே வச்சுட்டு வா."

"அம்மா, அன்னைக்கு லீவு..."

"லீவ யாரு கேட்டா? மொதல்ல உக்காந்து துட்டி கேளு. கேட்டுட்டு, சொல்லிக்கிடாம எந்திரிச்சுப் போ. தெருமுக்கு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வா. அப்பம் வாங்கிக்கிடுதேன்."

"இந்த மழையிலயாம்மா?"

"அருவில போயி மணிக்கணக்கா நிப்பியலே. இது மட்டும் குளுருதோ?"

தரையில் உட்கார்ந்தான். "எப்படிம்மா ஆச்சு?" என்றான்.

அம்மா முதலிலிருந்து சொன்னாள். தென்காசி மார்க்கெட்டில் மூட்டை இறக்கிவிட்டு வந்தது, வாயு என்று நினைத்தது, சுக்குக்காப்பி கேட்டது, போட்டுக்கொண்டு வருவதற்குள் தலை சாய்ந்தது. வந்தவர்கள் எல்லோரிடமும் சொன்ன அதே வார்த்தைகள். அவனுடைய பங்கை மட்டும் இத்தனை நாளும் எடுத்து வைத்திருந்ததைப் போலச் சொன்னாள்.

அவன் குனிந்து அழுதான். பிறகு எழுந்து போனான். துட்டி வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக்கூடாது, அவனும் சொல்லவில்லை. பத்திரிகையோடு பைக் போய்விட்டது.

அம்மா அடுப்பில் பாலை வைத்தாள். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெருமுக்குக்குப் போய்வர இவ்வளவு நேரமா?

"வருவானாம்மா?"

"வந்தா குடிப்பான்."

"வரலன்னா?"

"நீ குடி."

பால் பொங்கி இறக்கிய பிறகுதான் பைக் சத்தம் கேட்டது. தலை நனைந்து, கையில் பூவும் பழமும் பத்திரிகையுமாக, அப்போதுதான் முதல்முறை வருகிறவன் போல வாசலில் நின்று, "அம்மா" என்று கூப்பிட்டான். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினாள்.

காப்பி குடித்துவிட்டு எழுந்தான். செருப்பை மாட்டியவன் திரும்பி நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"போயிட்டு வாரேன்மா."