மாப்பிள்ளை சொல்லி அனுப்பிய விளையாட்டுகள்

என் தங்கைக்குத் திருமணம் நடந்தது 1981 அக்டோபரில். நவம்பர் முடிவதற்குள் மாப்பிள்ளை ரயிலேறி பம்பாய் போய், அங்கிருந்து துபாய்க்குப் போய்விட்டார். இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது ஐந்து வாரத்துக்கும் குறைவு. அதிலும் பாதி நாட்கள் வீடு வீடாக விருந்துக்குப் போனதில் கழிந்தன. மாப்பிள்ளையின் தாயார் மூத்த மகனோடு ஒரு சின்ன வீட்டில் இருந்தார். அங்கே இடமில்லாததால் தங்கை எங்களோடேயே தங்கினாள். கொச்சியில், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த வீடு அது. அம்மா, தங்கை, நான் மூன்று பேர். அத்தா அதற்கு முன்பே காலமாகியிருந்தார். நான் ஒரு மிளகு மண்டியில் வேலை பார்த்தேன்.

வளைகுடாவுக்குப் போனவர்கள் கடிதம் எழுதுவதைக் குறைத்துக்கொண்டு கேசட்டில் பேசி அனுப்பத் தொடங்கியிருந்த காலம். லீவில் வரும் ஒருவர் தன்னோடு தங்கியிருந்தவர்களின் கேசட்டுகளையெல்லாம் பெட்டியில் போட்டுக்கொண்டு வருவார். நாங்கள் போய் வாங்கி வருவோம்.

மாப்பிள்ளை பேசத் தெரியாதவர். 1982 பிப்ரவரியில் வந்த முதல் கேசட்டில் சலாம் சொன்னார். அம்மாவை விசாரித்தார், என்னை விசாரித்தார், அங்கே இப்போது தணுப்பு, நல்ல குளிர் என்றார். பிறகு, "பின்ன… வேற விசேஷம் ஒண்ணும் இல்ல, கேட்டியா" என்றார். அதன் பிறகு அங்கே சுற்றிய ஏதோ ஒரு யந்திரத்தின் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் ஓடியது. தங்கை அந்தக் கேசட்டை அன்றைக்கே மூன்று முறை போட்டாள். இன்னும் ஏதாவது இருக்கும் என்று நினைத்திருக்க வேண்டும்.

அந்த வருஷம் ஜூனில், மழை பிடித்துக்கொண்ட பிறகு, ஆலுவாக்காரர் ஒருவர் லீவில் வந்திருப்பதாகத் தகவல் வந்தது. படகில் எர்ணாகுளம் போய், பஸ் பிடித்து ஆலுவாவுக்குப் போய்ப் பொட்டலத்தை வாங்கி வந்தேன். சோப்பு, பவுடர், ஒரு சேலைத் துணி, ஒரு கேசட். அவற்றோடு உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி. கண்ணாடிக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு படகும், பாலத்தின் மேலே சில ஆட்களும் தெரிந்தார்கள். இரண்டு பக்கமும் இரண்டு ரப்பர் பொத்தான்கள். பாலத்திலிருந்து மூட்டைகளைத் தள்ளுவார்கள். கீழே இருக்கும் படகை இடமும் வலமும் நகர்த்தி அவற்றைப் பிடிக்க வேண்டும். மூன்று மூட்டை தண்ணீரில் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. வீடியோ கேம் என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது மாப்பிள்ளை வாயால்தான், அந்தக் கேசட்டில்.

சலாமும் விசாரிப்பும் முடிந்ததும் அவர் சொன்னார்: "இப்ப நான் ஆடிக்கிட்டிருக்கற வீடியோ கேம் இதுதான். ரொம்ப நல்லா இருக்கு. உனக்கும் பிடிக்கும்னு ஒண்ணு வாங்கி அனுப்பியிருக்கேன். ஓரத்துல போய் நிக்காதே. நடுவுலயே நில்லு. அங்கேயிருந்து ரெண்டு பக்கமும் ஒரே எட்டுதான். மூட்டையைப் பார்க்காதே, தள்ளுறவன் கையைப் பாரு."

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாலு வார்த்தை சேர்த்துப் பேசாத மனிதர் மூச்சு விடாமல் பேசியிருந்தார். பேச்சில் மலையாளம்கூடக் கலக்கவில்லை.

"வாய் இருக்குல்ல மாப்பிள்ளைக்கு!" என்றார் அம்மா.

தங்கை கேசட்டைத் திருப்பி ஓட்டி அந்த இடத்தை மட்டும் மறுபடி கேட்டாள்.

அதிலிருந்து மத்தியானம் லுஹர் தொழுகைக்கும் அஸருக்கும் நடுவே அவளுக்கு அந்தப் பெட்டிதான். கண்ணாடியில் வெளிச்சம் சரியாக விழ வேண்டும் என்று ஜன்னலோரமாக உட்கார்ந்துகொள்வாள்.

"கல்யாணம் ஆன பொண்ணு, பச்சைப் பிள்ளை மாதிரி கீக் கீக்னு," என்பார் அம்மா.

"அவரு ஆடச் சொன்னதுதானே ஆடுறேன்?"

"அவரு வேற ஒண்ணும் சொல்லலையா உனக்கு?"

"இதைச் சொன்னாருல்ல. போதும்."

பதில் கேசட்டில் பேசும்போது அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள். பேச்சு எங்களுக்குக் கேட்காது. விளையாட்டுப் பெட்டியின் சத்தம் மட்டும் கதவைத் தாண்டி வரும். தன் கை வேகத்தை அவர் காதால் கேட்கட்டும் என்று பெட்டியை மைக்கின் பக்கத்தில் வைத்து ஆடுவாள். மின்கலம் தீர்ந்தால் நான் படகேறி எர்ணாகுளம் பிராட்வேயில் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் போவேன். "வாட்ச் எவிடே சேட்டா?" என்று அவர் கேட்பார். வாட்ச் இல்லை, தங்கையின் விளையாட்டுக்கு என்பேன். கொச்சுப் பிள்ளையா என்று கேட்பார். ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

1983இல் நோன்பும் மழையும் சேர்ந்தே வந்தன. நோன்புக்கு முன்னால் வந்த கேசட்டில் மாப்பிள்ளை ஒரு சவால் விட்டிருந்தார். எண்ணிக்கைக்கு மூன்று இலக்கம்தான் இருக்கிறது. 999க்கு மேல் போனால் என்ன ஆகும்? இங்கே யாருக்கும் அதுவரை கை வரவில்லை, நீ பார்த்துச் சொல் என்று. நோன்பின் கடைசிப் பத்து நாட்களில் ஒரு நாள், கஞ்சி அடுப்பில் இருக்கும்போது, தங்கை கத்தினாள்.

"அண்ணே, ஓடி வா! சைபர் ஆயிடுச்சு!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். எண்ணிக்கை இருந்த இடத்தில் மூன்று சுழிகள். கீழே படகு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

"அவ்வளவு பாடுபட்டது சைபருக்குத்தானா?" என்றார் அம்மா கரண்டியோடு வந்து நின்று.

"அதுக்கு மேல போனாத்தாம்மா சைபர் வரும். சும்மா வராது."

அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அந்த வருஷக் கடைசியில் இரண்டாவது பெட்டி வந்தது. தண்டவாளங்களைத் தாண்டி ஓடும் ஒரு மனிதன், மேலிருந்தும் கீழிருந்தும் வரும் ரயில்கள். "படகு போதும், அதை வச்சிடு. நான் இப்ப இதுலதான் இருக்கேன்" என்று கேசட் சொன்னது. அவளும் படகை வைத்துவிட்டு ரயிலுக்கு மாறினாள். தெருவில் வேறு இரண்டு வீடுகளுக்கும் இப்படிப்பட்ட பெட்டிகள் வந்திருந்தன. அந்த வீட்டுப் பெண்கள் மத்தியானங்களில் சாயா குடிக்கும் சாக்கில் வருவார்கள். எதை முதலில் ஆடுவது, எதற்குக் கை நிதானம் வேண்டும், எதில் கொஞ்ச நேரத்தில் அலுத்துவிடும் என்று தங்கை சொல்லிக் கொடுப்பாள். ஆட்டங்களை மாற்றிக்கொண்டு போவார்கள்.

வெளியே பேச்சு வேறு மாதிரி இருந்தது. கல்யாணமாகி மூன்றாம் வருஷம் நடக்கிறது, குழந்தை இல்லை, மாப்பிள்ளை ஒரு தடவைகூட வரவில்லை. ஒரு நாள் நானே கேட்டேன், நீயாவது கூட்டிக்கொண்டு போகச் சொல்லேன் என்று.

"வந்தாப் பேசிக்கலாம்ணே. எங்களுக்குப் பேச விஷயம் இருக்கு. இந்தத் தெருவுல எத்தனை பேருக்கு அது இருக்கு?"

அதை அவள் பெருமையாகத்தான் சொன்னாள். ஐந்து வாரம் பழகிய ஒருவரோடு வாழ்நாள் முழுக்க இருக்கப் போகிறவளுக்குப் பிடித்துக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. நானும் அது போதும் என்றே நம்பினேன். இந்தத் துறைமுகத்தைப் பற்றி அச்சில் கிடைப்பதையெல்லாம் படித்திருக்கிறேன். கப்பல்கள் வந்த தேதியும் போன தேதியும் அவற்றில் கிடைக்கும். கரையில் காத்திருந்தவர்கள் அந்த நாட்களை எப்படிக் கழித்தார்கள் என்று எதிலும் இல்லை.

1984 மார்ச்சில் வந்த கேசட்டில், ரெண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுகிற மாதிரி ஒரு கேம் வந்திருக்கிறது, வரும்போது கொண்டு வருகிறேன், சேர்ந்து ஆடலாம் என்று இருந்தது. அதற்குப் பிறகு வந்த இரண்டு கேசட்டுகளில் விளையாட்டைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பழையபடி சலாம், விசாரிப்பு, வேற விசேஷம் ஒண்ணும் இல்ல.

"கையில கொண்டு வந்து காட்டணும்னு வாயை மூடிக்கிட்டிருக்காரு," என்றாள் தங்கை.

மாப்பிள்ளை வந்தது 1985 ஜனவரியில். மெலிந்து, கறுத்து, முன்நெற்றி ஏறிப்போயிருந்தார். பெட்டிகளைத் திறந்தோம். கம்பளி, சட்டைத் துணி, அம்மாவுக்கு ஒரு மிக்ஸி, எனக்கு ஒரு கடிகாரம். தங்கை அடிவரை கையை விட்டுப் பார்த்தாள். பிறகு கம்பளியை எடுத்து மடித்து வைத்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம். சாப்பிட்டு முடித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். தங்கை படகுப் பெட்டியை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"நீங்க ஆடுங்க மச்சான். நான் பார்க்கிறேன்."

அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தப் பொத்தானை அழுத்தினால் தொடங்கும் என்று தெரியவில்லை. அவள் தொடங்கிக் கொடுத்தாள். முதல் மூட்டை விழுந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் விழுந்தன.

"வேணும்னே தோக்குறீங்க."

"இல்லடீ. எனக்கு இது எங்க வரும்?"

"எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதானே?"

அவர் சிரித்தார். ஒளிக்க வேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"நான் வெறுதே வாயால சொன்னது. ரூம்ல ஒரு பையன் இருந்தான், கீழக்கரைப் பக்கம், ஏசி வேலைக்கு வந்தவன். டேப்பை அமுக்கிட்டு என்ன பேசறதுன்னு நான் முழிச்சுக்கிட்டிருப்பேன். அண்ணனைக் காக்கான்னுதான் அவங்க ஊர்ல கூப்பிடுறது. அவன்தான் பக்கத்துல உட்கார்ந்து, 'காக்கா, இதைச் சொல்லுங்க, அதைச் சொல்லுங்க'ம்பான். அவன் சொல்லச் சொல்ல நானும் சொல்லுவேன். இந்தப் பெட்டி வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். காசு என்னுது, கேட்டியா!"

"அப்ப நான் பேசி அனுப்பினது?"

"ரூமே உட்கார்ந்து கேட்கும். என்னை விட்டு எட்டுப் பேரு. அந்தப் பையனுக்குத்தான் ரொம்ப சந்தோஷம். சைபர் ஆயிடுச்சுன்னு நீ சொன்னே பாரு, கட்டில்ல ஏறிக் குதிச்சான்."

"அப்ப அவனுக்கே கட்டி வச்சிருக்கலாம் போல," என்றார் அம்மா. விளையாட்டாகத்தான் சொன்னார். மாப்பிள்ளை தொடையில் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். தங்கையும் சிரித்தாள்.

பிறகு கேட்டாள்: "முழுசையும் கேட்டாங்களா?"

"ரூமுக்கு ஒரே டேப்தானே. வேற எங்க போய்க் கேட்கறது?"

அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சாத்திய கதவுக்குப் பின்னால் அவள் அந்த மூன்று வருஷமும் என்ன பேசினாள் என்று இந்த வீட்டில் இருந்த எங்களுக்கு இன்றுவரை தெரியாது. முன்பின் தெரியாத எட்டு ஆண்களுக்குத் தெரியும்.

மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. வெயிலில் கம்பி கட்டிவிட்டு வந்து படுக்கிறவருக்குச் சொல்வதற்கு என்ன இருக்கும்? பேச்சு வராத இடத்தை யாரோ நிரப்பிக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார். மனைவி சந்தோஷமாக இருக்கிறாள் என்று அவரும் சந்தோஷப்பட்டார். இதில் எங்கே குற்றம் என்று கேட்டால் என்னால் காட்ட முடியாது. காட்ட முடிந்திருந்தால் கோபப்பட்டாவது தீர்த்திருக்கலாம்.

மீதி லீவில் இருவரும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். அவர் காலையில் படகு ஜெட்டிப் பக்கம் போவார், மத்தியானம் சாப்பிட வருவார். மீன் பிடித்திருக்கிறதா என்று அவள் கேட்பாள். பிடித்திருக்கிறது என்பார். அதற்கு மேல் இருவருக்கும் பேச எதுவும் கிடைக்கவில்லை. பிப்ரவரிக் கடைசியில் ஒரு நாள், சோற்றைப் போட்டுக்கொண்டே அவள் கேட்டாள்.

"அவரு இப்ப என்ன ஆடுறாரு?"

"யாரு?"

"அந்த ரூம்ல இருந்தவரு."

மாப்பிள்ளை கையை நிறுத்தி அவளைப் பார்த்தார். அந்த லீவில் அவர் அவளை உற்றுப் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"அவன் போன ஏப்ரல்லயே போயிட்டானே. வேற கம்பெனி. எந்த ஊருன்னு யாருக்குத் தெரியும்?"

"அதான்," என்றாள். அம்மாவுக்கு இன்னொரு கரண்டி போட்டாள்.

மார்ச் நடுவில் மாப்பிள்ளை திரும்பிப் போனார். எர்ணாகுளம் ஸ்டேஷன் வரைக்கும் நான் போனேன். ரயில் நகரும்போது ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவளைப் பார்த்துக்குங்க மச்சான்" என்றார். அவருக்கும் ஏதோ புரிந்திருந்தது. என்னவென்று சொல்ல அவரிடம் வார்த்தை இல்லை. சொல்லிக் கொடுக்கவும் இப்போது யாரும் பக்கத்தில் இல்லை.

அடுத்த கேசட் ஜூன் முதல் வாரத்தில் வந்தது. மத்தியானம் மழை அடித்துக்கொண்டிருந்தது. சலாம் சொன்னார், ஒவ்வொருவராக விசாரித்தார், இங்கே சூடு தாங்கவில்லை என்றார். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நீ… நீ நல்லா இருக்கியா?" என்றார். அதன் பிறகு வெறும் இரைச்சல். நிறுத்தப் போனேன். இருக்கட்டும் என்று தங்கை கையைக் காட்டினாள். நாடா தீர்ந்து பொத்தான் தானாக எழும்பும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேசட்டை வெளியே எடுத்து, மறுபக்கம் திருப்பிப் போட்டாள்.

"அந்தப் பக்கம் ஒண்ணும் இருக்காதும்மா," என்றேன்.

"தெரியும்ணே."

நாடா சுற்றிக்கொண்டே இருந்தது. சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தார்: "என்ன சொல்றாரு மாப்பிள்ளை?"

"சுகமா இருக்காராம்மா," என்றாள்.