பொறாமையோடு தொட்ட கால்

என் கணவரின் கால் போகவிருந்த நேரத்தில், எனக்கு என் ஓரகத்தி ஸ்டெல்லாமேல் பொறாமை பொங்கிக்கொண்டிருந்தது. விசுவாசத்தில் ஒன்றாயிருக்கிற உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? ஆண்டவர் எனக்குச் செய்த உதவியைச் சொல்ல வேண்டுமென்றால், அந்தப் பொறாமையையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஸ்டெல்லா என் கொழுந்தனாரின் மனைவி. அவள் கேட்டால் உடனே கிடைக்கும். அவர்கள் போட்ட போர்வெல்லில் தண்ணீர் பீறிட்டது. ஒரு வரப்பு தள்ளி நாங்கள் போட்டதில் புழுதிதான் வந்தது. அவர்கள் தக்காளி ஏற்றுகிற அன்று பார்த்து விலை ஏறும். அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடுகிற எங்கள் அன்பியக் கூட்டத்தில், ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்ல மாதா மாதம் அவளிடம் ஒரு சாட்சி இருக்கும். நான் ஆமென் சொல்வேன். வயிறு எரியும்.

சென்ற ஆண்டு மழைக்காலம். அண்ணன் தம்பி இரண்டு பேரும் பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளியை இறக்கிவிட்டு ஒரே பைக்கில் திரும்பினார்கள். வளைவில் ஒரு டெம்போ இடித்துவிட்டது. நாங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது கொழுந்தனாருக்குக் கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்து, வேட்டியெல்லாம் ரத்தம். என் வீட்டுக்காரருக்கு முட்டி வீங்கியிருந்தது, அவ்வளவுதான். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. "ஜவ்வு கிழிஞ்சிருக்கும், படுத்திருக்கட்டும்" என்றார்கள்.

அதன் பிறகு யாரும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. டாக்டர், நர்ஸ், சொந்தபந்தம் எல்லாரும் அந்தக் கட்டிலைச் சுற்றித்தான். பங்குச் சாமியார் வந்தார். கொழுந்தனார் தலையில் கைவைத்து நெடுநேரம் செபித்தார். இவருக்கு நெற்றியில் ஒரு சிலுவை போட்டார், போய்விட்டார். ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு! அடிபட்டதில்கூட அவர்களுக்குத்தான் மரியாதையா என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

"காலு மரத்துப் போச்சு புள்ள" என்றார் இவர்.

"உங்களுக்குத்தான் ஒன்னுமில்லைன்னு சொல்லிட்டாங்களே" என்று கடுகடுத்தேன்.

செபிக்க முயன்றேன். செபமாலை கையில் இருந்தது, கண் அந்தக் கட்டிலில் இருந்தது. கடைசியில் வாயில் வந்தது இதுதான்: "மாதாவே, அவளுக்குக் குடுக்கறதையே எனக்கும் குடு. கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்."

அப்படி என்னதான் பெரிய அடி, பார்ப்போம் என்று எழுந்து போனேன். கட்டுக்கு வெளியே தெரிந்த கொழுந்தனார் பாதத்தைத் தொட்டேன். ஸ்டெல்லா பதறிவிட்டாள்.

"என்னங்கக்கா இது? மூத்தவங்க நீங்க போயி அவரு காலத் தொடறீங்க!"

பாதம் நல்ல சூடாக இருந்தது. விரல்களில் ரத்த ஓட்டம் தெரிந்தது. இதற்கா இத்தனை அமர்க்களம் என்று முணுமுணுத்தபடி திரும்பி வந்து இவர் பாதத்தைத் தொட்டேன். பனியில் கிடந்த தக்காளி போலச் சில்லென்றிருந்தது. விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. மறுபடி அங்கே ஓடினேன், சூடு. இங்கே வந்தேன், சில்லு.

இதிலும் எங்களுக்குக் குறைதானா என்று எனக்குப் பொறுக்கவில்லை. "டாக்டர், அவருக்குச் சூடா இருக்குது, இவருக்கு மட்டும் ஏங்க சில்லுன்னு கெடக்குது?" என்று கத்தினேன்.

டாக்டர் வந்து பாதத்தின்மேல் விரல் வைத்து நாடி பார்த்தார். கணுக்காலுக்குப் பின்னால் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"முட்டி நழுவி, தானாவே திரும்பி உக்காந்திருக்குதும்மா. பின்னாடி போற ரத்தக்குழாய் கிழிஞ்சிருக்கணும். கீழ ரத்தமே போகல. சீக்கிரம் ஆபரேசன் பண்ணலன்னா கால எடுக்க வேண்டி வரும்."

கொழுந்தனாரைச் சேலத்துக்குக் கொண்டுபோக வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. அவர் காத்திருக்கலாம் என்று சொல்லி, அதில் இவரை ஏற்றினார்கள். தொப்பூர் இறக்கம் முழுக்க அந்தப் பாதத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டே போனேன். சூடு ஏறவில்லை. தினமும் சொல்கிற மங்கள வார்த்தை செபம்கூட மறந்துபோனது. "மாதாவே, மாதாவே" என்று மட்டும் சொன்னேன்.

சேலத்தில் இவருடைய நல்ல காலிலிருந்து ஒரு ரத்தக்குழாயை எடுத்து, கிழிந்த இடத்தில் வைத்துத் தைத்தார்கள். வீக்கம் உள்ளே அழுத்தாமல் இருக்கக் கெண்டைக்காலைக் கீறியும் விட்டார்கள். முடிந்ததும் அங்கிருந்த டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டு, "தொட்டுப் பாருங்கம்மா" என்றார்.

தொட்டேன். சூடு! கொழுந்தனாருக்கு இருந்த அதே சூடு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அங்கேயே மண்டியிட்டு அழுதேன்.

கீறிய இடத்தில் தோல் வைத்து மூடி, புண் ஆறப் பல மாதம் ஆனது. இவர் இன்று லேசாகச் சாய்ந்து நடக்கிறார். ஆனால் தன் இரண்டு கால்களால் நடக்கிறார். கொழுந்தனாரும் நடக்கிறார்.

நன்றிப் பூசை வைத்த அன்று ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நான் மட்டும் என்னவாம்? எம் புருசன் ரத்தத்துல கெடக்கறாரு, வந்த ஆம்புலன்ஸையும் நீங்களே எடுத்துக்கிட்டுப் போயிட்டீங்களேன்னு வயித்தெரிச்சல்லதாங்கக்கா அன்னிக்கி முழுசா ஒரு செபமாலை சொன்னேன்!"

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. போன வாரம்கூட அவள் கத்தரித் தோட்டத்தைப் பார்த்து உள்ளே புகைந்தது. முன்பெல்லாம் விழுங்கிக்கொள்வேன். இப்போது அதை அப்படியே கொண்டுபோய் ஆண்டவர் முன்னால் கொட்டிவிடுகிறேன். மாலையில் நானும் ஸ்டெல்லாவும் சேர்ந்தே செபம் சொல்கிறோம்.

நல்ல மனசு வரட்டும், பிறகு செபிக்கலாம் என்று நீங்கள் யாரும் காத்திருக்காதீர்கள். இருக்கிற மனசோடு போய்க் கேளுங்கள். நான் கேட்ட லட்சணம் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கே இரங்கியவர், உங்களைத் தள்ளிவிடுவாரா?