சஹனில் என் பக்கம்

எங்கள் குடும்பத்துக் கல்யாணங்களில் இன்றைக்கும் சஹன் சாப்பாடுதான். பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் குவித்து, மேலே இறைச்சியும் கோழியும் கத்தரிக்காயும் வைத்து, பாயின் நடுவே கொண்டுவந்து இறக்குவார்கள். அந்தத் தட்டுக்குத்தான் சஹன் என்று பெயர். சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட வேண்டும். அவரவர் முன்னால் இருக்கிற சோறு அவரவருக்கு. அடுத்தவர் பக்கம் கை நீட்டக் கூடாது. ஆனால் நல்ல துண்டாகப் பார்த்து அடுத்தவர் பக்கம் தள்ளிவிடலாம். தள்ளிவிட வேண்டும், அதுதான் மரியாதை. அப்படி வந்த துண்டைத் தொடாமல் விட்டால் தள்ளியவருக்கு முகம் சுருங்கிவிடும்.

எனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது ஒரு கல்யாணத்தில் தூரத்து மாமி ஒருத்தி என்னைப் பார்த்து, "இந்தப் புள்ள இருந்தா ரெண்டு பேர்ட இடம் போயிரும். இந்த சஹனுக்கு இன்னும் நாலு பேர் போதும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் இன்னும் அதிகமாகச் சிரிப்பார்கள் என்று எனக்கு அந்த வயதிலேயே தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு நான் எந்தக் கல்யாணத்திலும் சஹனில் உட்கார்ந்ததில்லை. குசினிப் பக்கம் நின்று கறிச்சட்டிகளை மேய்ப்பேன். யாராவது "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால், "ஓம், அப்பவே சாப்பிட்டன்" என்பேன். பச்சைப் பொய். வீட்டுக்கு வந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஒரு இறாத்தல் பாண் ரொட்டியையும் தொட்டுக்கொள்ளச் சீனிச்சம்பலையும் வைத்துக் காலி செய்வேன். உம்மா வந்து சாப்பிடக் கூப்பிட்டால், "கல்யாண வீட்டுச் சாப்பாடே போதும்" என்பேன். அது அடுத்த பொய்.

நாற்பதை நெருங்கும்போது சீனி வருத்தம், பிரஷர், முழங்கால் வலி எல்லாம் ஒன்றாக வந்து குடியேறின. துறைமுகப் பக்கம் இருக்கிற எங்கள் அலுவலகத்தின் மாடிப்படியை ஏறி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு முட்டும். கொழும்பில் டொக்டர் பார்த்துவிட்டு, இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை செய்யலாம் என்றார். செய்தேன். ஊருக்குத் திரும்பி வருவதற்குள் செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. "வாயக் கட்ட ஏலாம வயித்த வெட்டினவ" என்று ஒரு வீட்டில் கதைத்தார்களாம். கேட்டபோது எரிச்சல் வந்தது. அதைவிட, நானே எனக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதில்தான் கூடுதல் எரிச்சல்.

உடம்பு இளைத்தது. மறுப்பதற்கில்லை. மாடிப்படி ஏறியும் கதைக்க முடிந்தது. மத்தியானம் கொண்டு போகிற சாப்பாட்டில் கால்வாசிகூட இறங்காது. வாழைப்பழத்தையும் கீரையையும் எங்கள் ஊர் வீதிகளில் மாடுகளைப் போலத் திரியும் மான்களுக்குப் போட்டுவிடுவேன். நான் மெலிய மெலிய அவை கொழுத்துக்கொண்டு போயின. ஆனால் ஒன்று மட்டும் நான் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. இரைப்பை சுருங்கினால் எனக்குள் இருந்து என்னைத் திட்டுகிறவளும் சுருங்கிவிடுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் அசையவே இல்லை. முன்பு "இவ்வளவு திண்டாயே" என்று திட்டினாள். இப்போது ஒரு வாய் கூடினாலும் திட்டினாள், குறைந்தாலும் திட்டினாள்.

இந்த நிலையில்தான் தங்கச்சிக்குக் கல்யாணம் சரிவந்தது. எனக்கும் அவளுக்கும் பத்து வயதுக்கு மேல் வித்தியாசம். நாள் குறித்த அன்றே என் கையைப் பிடித்துக்கொண்டு, "ராத்தா, என்ட சஹன்ல நீங்க எனக்குப் பக்கத்தில இருக்கணும். குசினியில போய் நிண்டீங்க எண்டா நான் ஒரு வாயும் சாப்பிட மாட்டன்" என்றாள். சரி என்று தலையாட்டினேன். அன்று முதல் எனக்கு நித்திரை இல்லை. என்னால் மெதுவாக மென்று நாலைந்து வாய்தான் சாப்பிட முடியும். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் என் பக்கத்துச் சோறு மட்டும் அப்படியே நிற்கும். அவர்கள் துண்டு துண்டாகத் தள்ளுவார்கள். தின்றால் அங்கேயே சத்தி எடுப்பேன். தின்னாவிட்டால் பெண்ணின் ராத்தா பெரிய இவள் என்று பேச்சு வரும். இரண்டில் எது நடந்தாலும் கெடுவது அவளுடைய நாள்.

பயந்தது போலவே, கல்யாணத்துக்கு முன்னாலேயே ஒத்திகை நடந்தது. கிண்ணியாவில் இருக்கிற சாச்சி வீட்டுக்கு உம்மாவும் நானும் கல்யாணம் சொல்லப் போனோம். சாச்சி, உம்மாவின் தங்கச்சி. வீட்டுக்கு வந்தவர்களைத் தின்ன வைக்காமல் அனுப்பினால் அவருக்கு அன்றைய பொழுது விடியாத மாதிரி. எங்களுக்கென்றே சஹன் வைத்து, "மெலிஞ்சி போய்ட்டீங்க மகள்" என்று சொல்லிச் சொல்லி மாட்டிறைச்சித் துண்டுகளை என் பக்கம் தள்ளினார். நான் மறுக்கவில்லை. வெட்கத்தில் சரியாக மெல்லவும் இல்லை. நெஞ்சுக்குள் கல்லை வைத்து அடைத்த மாதிரி இருந்தது. திரும்பி வருகிற வழியில் கிண்ணியாப் பாலத்தின் நடுவில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, கைபிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்தேன். உம்மா முதுகைத் தடவிவிட்டார். நான் வாய்விட்டே, "மாடு, வெட்டியும் திருந்தாத மாடு" என்றேன். உம்மாவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் தடவினார்.

மறுநாள் காலையில் கொழும்புக் கிளினிக்குக்குப் போன் எடுத்தேன். உள்ளே தையல் ஏதும் பிரிந்திருக்குமோ என்று பயம். தமிழ் தெரிந்த நேர்ஸ் மிஸ்ஸி ஒருவர் பேசினார். வலி இருக்கிறதா, காய்ச்சலா, தண்ணீர் இறங்குகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, "அப்படிப் பயப்பட ஒண்டும் தெரியேல்ல. ரெண்டு நாளைக்குக் கஞ்சி மாதிரிக் குடியுங்கோ. வலி வந்தா உடனே வாங்கோ" என்றார். அத்துடன் நான் போனை வைத்திருக்கலாம். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. பாலத்தில் நான் என்ன சொன்னேன் என்பதையும் சொல்லிவிட்டேன்.

 "உங்கட தங்கச்சிக்கு இப்பிடி நடந்திருந்தா, அவவையும் மாடு எண்டு சொல்லுவீங்களோ?" என்று கேட்டார்.

"அதெப்படி மிஸ்ஸி சொல்ற?"

"அப்ப உங்களுக்கு மட்டும் எப்பிடிச் சொல்லுறீங்கள்?"

 போனை வைத்த பிறகு எனக்குக் கோபம்தான் வந்தது. கொழும்பில் இருந்துகொண்டு சொல்லலாம், இங்கே வந்து சாச்சிக்கு முன்னால் உட்கார்ந்து பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

கல்யாண நாள் வந்தது. பெண்கள் பக்கத்தில் பாய் விரித்து, கை கழுவத் தண்ணீர் கொடுத்து, சஹனை இறக்கினார்கள். எனக்கு வலப்பக்கம் தங்கச்சி, இடப்பக்கம் சாச்சி. எதிரே உம்மா, மாப்பிள்ளையின் தாய், மாப்பிள்ளையின் ராத்தா. அந்த ராத்தாவுக்கு இது நிறைமாதம். பிஸ்மி சொல்லிக் கையை வைத்தோம். நான் ஒரு சிறிய கவளத்தை எடுத்து மென்றேன், மென்றுகொண்டே இருந்தேன். எதிரில் இருந்தவர்களின் பக்கம் குழி விழத் தொடங்கியது. என் பக்கம் குன்று போல நின்றது. உள்ளே இருந்தவள் தொடங்கிவிட்டாள்: பார், எல்லாரும் உன்னையேதான் பார்க்கிறார்கள்.

அவர்கள் பார்த்தது என்னை அல்ல. என் குன்றுக்குப் பக்கத்திலேயே இன்னொரு குன்று நின்றது. தங்கச்சியின் சோறு. கனத்த உடுப்புக்குள் வியர்த்துப்போய், விரலால் நாலு பருக்கையை இங்குமங்கும் நகர்த்திக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் தாய் ஒரு பெரிய கோழிக்காலை அவள் பக்கம் தள்ளி, "சாப்பிடுங்க மகள்" என்றார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. என் காதுக்கருகே குனிந்து, "ராத்தா, பயத்தில இறங்குதில்ல. என்ன நினைப்பாங்க?" என்றாள்.

"ஏலாட்டி வை, என்ட புள்ள. அதில ஒரு குத்தமும் இல்ல. உன்ட வயிறு உனக்குத்தானே தெரியும்" என்றேன்.

அது என் வாயிலிருந்து அவ்வளவு இலேசாக வந்தது. யோசிக்கவே இல்லை. சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. எத்தனை வருடமாக இதைக் கேட்கக் காத்திருந்தேன் என்றும் அப்போதுதான் தெரிந்தது.  அழுவதற்கு அது இடமில்லை.

சஹனைத் திருப்புகிற வழக்கம் எங்களிடம் இல்லை. நான் விளிம்பைப் பிடித்துத் திருப்பினேன். ஐந்து கைகளும் அந்தரத்தில் நின்றன. எங்கள் இருவரின் குன்றும் எதிரே போய், மாப்பிள்ளையின் ராத்தாவுக்கு முன்னால் நின்றது. காலியான குழிகள் எங்களிடம் வந்தன. "இந்த சஹன்ல ரெண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிட வேண்டியது மதினிதான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர்களோடு நானும் சிரித்தேன், இந்த முறை எனக்கு உண்மையாகவே சிரிப்பு வந்தது. மதினி, "அல்லாஹ், எப்பிடிக் கேக்கிற எண்டு வெக்கப்பட்டுக்கொண்டு இருந்தன்" என்று கோழிக்காலை எடுத்துக் கடித்தார்.

சாச்சி விடவில்லை. பழக்கதோஷத்தில் ஒரு இறைச்சித் துண்டை என் பக்கம் நகர்த்தினார்.

"சாச்சி, எனக்குப் போதும். இதுக்கு மேல என்ட வயிறு தாங்காது."

"அப்பிடியா? முதலே சொல்லியிருக்கலாமே" என்று துண்டைத் திரும்ப எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

அவ்வளவுதான். முகம் சுருங்கவில்லை, கதை வளரவில்லை. இதற்காகவா இத்தனை வருடம் கறிச்சட்டி மேய்த்தேன் என்று எனக்கே சிரிப்பாக இருந்தது. மனசு காற்றுப் போல இலேசாகிவிட்டது. உள்ளே இருந்தவள் என்னவோ முணுமுணுத்தாள்தான். ஏலாட்டி வை, என்ட புள்ள என்று அவளுக்கும் சொன்னேன்.

மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்படும்போது தங்கச்சி என்னைக் கட்டிப்பிடித்தாள். அழுகைக்கு நடுவில், "சாப்பிட்டீங்களா ராத்தா?" என்று கேட்டாள்.

"ஓம். வயிறு நிறையச் சாப்பிட்டன்" என்றேன்.

நாலு வாய்தான். ஆனால் சொன்னது உண்மை.