துவக்கு வாயில் பனி

லண்டனில் நான் வேலைக்குச் சேர்ந்த இறைச்சிக் கிடங்கில், கொக்கியில் தொங்கும் ஒவ்வொரு மானின் காலிலும் ஒரு கடுதாசி மட்டைத் துண்டு கட்டியிருக்கும். எந்த மலையில், எந்த நாளில், யார் சுட்டார் என்று அதில் எழுதியிருப்பார்கள். துண்டில்லாத மானை இந்த நாட்டில் ஒருவரும் வாங்கமாட்டார்கள் என்று கூட வேலை செய்தவன் சைகையில் விளங்கப்படுத்தினான். அது விளங்கியதும் என் கை தானாகவே சட்டைப் பைக்குள் போனது. அங்கே பொலித்தீனில் சுற்றி, என் அகதி மனுவுக்கு ஹோம் ஒபிஸ் தந்த கடிதத்தை வைத்திருந்தேன். என் படம் ஒட்டிய ஒரே தாள் அதுதான். முடிவு வரும்வரை இங்கே இருக்கலாம் என்று அதில் எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். எனக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது. ஊரில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது, அதுவும் தமிழில்.

நான் இலங்கையில் வன்னியைச் சேர்ந்தவன். காட்டோரத்தில் எங்களுக்கு வயல் இருந்தது. பன்றி வந்து விளைந்த நெல்லை உழக்கிவிடும் என்பதால் அரசாங்கக் கச்சேரியில் அனுமதி எடுத்து ஒரு ஒற்றைக்குழல் வேட்டைத் துவக்கு வைத்திருந்தேன். எப்போதாவது மரை என்ற பெரிய மானும் சுட்டிருக்கிறேன். ஒரு மரை விழுந்தால் அயலில் பத்து வீட்டில் அடுப்பு எரியும். எண்பத்து நான்கில் ஒரு நாள் ஆயுதம் எடுத்த இயக்கப் பெடியள் வந்து, மரியாதையாகத்தான், "அண்ணை, துவக்கைத் தாங்கோ" என்று வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகு அரசாங்க ஆமி வந்தது. அவர்களின் கையில் அனுமதி எடுத்தவர்களின் பட்டியல் இருந்தது. துவக்கு எங்கே என்று கேட்டு வீட்டைக் கிளறினார்கள். நான் அப்போது வயலில் நின்றதால் தப்பினேன். அதன் பின் என் வீட்டில் நான் ஒழுங்காகப் படுக்கவில்லை. மூன்று வயது மகளையும் மனைவியையும் மாமியார் வீட்டில் விட்டுவிட்டு, எண்பத்தேழில் லண்டனுக்கு வந்து சேர்ந்தேன்.

லண்டனின் இல்ஃபோர்டில் ஒரே அறையில் நாலு பேர் இருந்தோம். என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில் மன்னாரைச் சேர்ந்த சேவியருடையது. என்னைவிட வயதில் இளையவர். கொழும்பில் படித்தவர், இங்கிலிஷ் தெரிந்தவர். அறையில் எல்லோருடைய கடிதங்களையும் அவர்தான் வாசிப்பார். ஹோம் ஒபிஸ் விசாரணைக்கு முதல் நாள் அவர் என்னை இருத்தி வைத்துப் பாடம் எடுத்தார்.

"அண்ணை, துவக்கு எண்ட சொல்லே உங்கட வாயில வரப்படாது. துவக்கெண்டால் இயக்கம் எண்டுதான் அவங்கள் எழுதுவாங்கள்."

"அது பண்டிக்கு வைச்ச துவக்கெல்லோ, சேவியர்?"

"பண்டி வந்து சாட்சி சொல்லுமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் மொழிபெயர்ப்பாளர் துவக்கு வைத்திருந்தீரா என்று கேட்டபோது, வாழ்க்கையில் தொட்டதேயில்லை என்று சொன்னேன். ஊரில் வீடுகளை எரித்தார்கள், பயத்தில் ஓடி வந்தேன் என்று சொன்னேன். அதுவும் உண்மைதான். ஆனால் ஆமி என்னைத் தேடியதற்குக் காரணமே அந்தத் துவக்குத்தான். காரணத்தை விட்டுவிட்டு மிச்சத்தைச் சொல்லிவிட்டு வந்தேன். இதை வாசிக்கும் ஊரவர்களுக்கு இது முட்டாள்தனமாகத் தெரியலாம். இங்கே வந்து, விசாரணை அதிகாரிக்கு முன் அந்தக் கதிரையில் இருந்தவர்களுக்கு விளங்கும்.

கிடங்கின் சொந்தக்காரர் பீற்றர். பெரிய உடம்பு, பெரிய குரல், ஆனால் கெட்டவர் அல்ல. ஸ்கொட்லாந்து மலைகளில் பெண்மான் சுடும் பருவம் பெப்ரவரி நடுவோடு முடிந்துவிடும். அந்தக் கடைசிப் பத்து நாட்களுக்கு ஒவ்வொரு வருடமும் அவர் ஒரு மலைப்பக்கத்தை வாடகைக்கு எடுத்துப் போவார். தொண்ணூறாம் ஆண்டு, வழக்கமாகக் கூடப் போகும் ஆள் காலை முறித்துக்கொண்டான். சுட்ட மானை மலையிலிருந்து கயிறு கட்டி இழுத்து வர ஒருவர் வேண்டும். பீற்றர் வெட்டு மேசைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னைச் சுட்டினார். எனக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. அதுவும் என் வழக்குக்கு வேலை கொடுப்பவரிடமிருந்து நற்சான்றுக் கடிதம் வாங்கி வரும்படி என் வழக்கறிஞரான சொலிசிற்றர் சொல்லியிருந்த நேரம் அது.

பீற்றரின் வான் வண்டியில் போகும் வழி முழுவதும், லண்டனை விட்டுப் போக எனக்கு அனுமதி இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டே போனேன். கேட்டிருக்கலாம். யாரிடம், எந்த மொழியில்?

அந்த மலையை எப்படிச் சொல்வது? மரம் இல்லை. குரங்கு இல்லை, மயில் இல்லை, சருகில்லை. எங்கும் வெள்ளை, இடையிடையே கறுத்த பாறை. எங்கள் காட்டில் கண்ணுக்கு முன்பே காது வேலை செய்யும். இங்கே காதுக்குக் காற்றைத் தவிர வேறொன்றும் வரவில்லை. வழிகாட்டியாக டங்கன் என்ற மனிதர் வந்தார். அறுபது வயது இருக்கும், என்னைவிடக் குறைவாகப் பேசுவார். அவர் முன்னே, பீற்றர் நடுவே, கயிற்றோடு நான் பின்னே. விடிய வெளிக்கிட்டு இருள முதல் திரும்புவோம். முதல் நாள் ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாம் நாள் காற்று மாறி எங்கள் மணத்தை மான்களிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டது. மூன்றாம், நாலாம் நாட்கள் பனிப்புயல். அதன் பின் மான்கள் குளிர் தாங்காமல் கீழே அயல்காரரின் பைன் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டன. வேலிக்கு அந்தப் பக்கம் அவை நிற்பது தெரியும். அங்கே சுட எங்களுக்கு உரிமை இல்லை. பீற்றரின் குரல் நாளுக்கு நாள் சிறுத்தது.

எட்டாம் நாள் நான் ஒரு காரியம் செய்தேன். செய்தேன் என்பதைவிட, செய்யாமல் விட்டேன். எங்களுக்கு இடப்பக்கம், பாறைக்கும் பனிக்கும் நடுவில் ஒரு காது அசைந்தது. பிறகு ஒரு முதுகு. மூன்று பெண்மான்கள், மரைக்குட்டி அளவில், படுத்திருந்தன. டங்கனின் கண்ணுக்கும் அவை படவில்லை. நான் கையைக் காட்டியிருந்தால் போதும். ஆனால் எப்படிக் கண்டாய் என்று கேட்பார்களே? வேட்டை தெரியுமா என்று கேட்பார்களே? நான் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினேன். மான்களைக் கடந்து போய்விட்டோம். அன்று பின்னேரம் பீற்றர் தன் சொக்லேற்றில் பாதியை முறித்து எனக்குத் தந்தார். அதைத் தின்னாமல் பைக்குள் போட்டேன்.

பத்தாம் நாள் பருவத்தின் கடைசி நாள். மத்தியானத்துக்குப் பிறகு ஒரு சரிவில் பீற்றர் சறுக்கி விழுந்தார். றைபிளின் முனை பனிக்குள் குத்தியது. எழுந்து உடுப்பைத் தட்டினார், அவ்வளவுதான். வழக்கமாக டங்கன் வாங்கிப் பார்ப்பார். ஆனால் அவர் அப்போது முன்னே போய் முகட்டில் படுத்திருந்தார். அங்கிருந்து கையால் கூப்பிட்டார். மான்கள்! ஐந்து, நூறு அடிக்குள், எங்களைப் பாராமல் புல்லைக் கிளறிக்கொண்டு நின்றன. பீற்றர் ஊர்ந்து ஊர்ந்து போய் ஒரு பாறையின் மேல் றைபிளை வைத்தார். நான் அவருக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னே கிடந்தேன். குண்டை ஏற்றும்போது றைபிளின் முனை ஒரு கணம் என் பக்கம் திரும்பியது. அப்போதுதான் கண்டேன். குழலின் வாய் கறுப்பாக இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக இருந்தது.

ஊரில் என் மச்சான் தம்பிராசா வாய்க்கால் தாண்டும்போது துவக்கு வாயில் சேறு அடைத்ததைக் கவனிக்காமல் ஒரு பன்றிக்குச் சுட்டவர். குழல் வாழைப்பூப் போல விரிந்து கிடந்தது. அவருடைய இடக்கண்ணும் இரண்டு விரலும் அன்றைக்கே போய்விட்டன. அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் நானும் ஒருவன்.

பீற்றரின் விரல் விசைக்குள் போனது. என் கடிதம், விசாரணைக் கதிரை, சேவியர் சொன்னது எல்லாம் ஒன்றாக வந்தன என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் ஒன்றும் வரவில்லை. பாய்ந்து அவருடைய கையைத் தட்டிவிட்டேன்.

"சுடாதேங்கோ! வெடிக்கும்! வெடிக்கும்!"

மலை முழுவதும் தமிழ் எதிரொலித்தது. ஐந்து மான்களும் ஒரே பாய்ச்சலில் அடுத்த முகட்டைத் தாண்டிப் போயின. பீற்றரின் முகம் சிவந்து, எனக்கு விளங்காத எல்லாச் சொற்களும் வந்தன. "ஆர் யூ மாட்?" என்பது மட்டும் விளங்கியது. நான் றைபிளை வாங்கி, முனையை ஆளில்லாத பக்கம் திருப்பி, பூட்டைத் திறந்து குண்டை வெளியே எடுத்தேன். பத்து நாளாக டங்கன் செய்ததை என் கை பார்த்து வைத்திருந்தது. ஒரு செடித் தண்டை முறித்துக் குழல் வாய்க்குள் விட்டுக் கிண்டினேன். விரல் நீளத்துக்கு இறுகிய பனி கட்டியாக வந்து விழுந்தது. பீற்றர் அதைப் பார்த்தார். பிறகு பனியிலேயே குந்திவிட்டார்.

டங்கன் இறங்கி வந்தார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். வேட்டைக்காரனுக்கு வேட்டைக்காரன் தெரியும். ஊரில் எத்தனை வருடம் வேட்டை ஆடினாய் என்று கேட்டார்.

"நோ," என்றேன். "நோ கன். நெவர்."

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, விஸ்கிக் குப்பியைத் திறந்து முதலில் எனக்கு நீட்டினார். ஒரு மான்கூட இல்லாமல் அந்தப் பருவம் முடிந்தது. லண்டன் வரும்வரை பீற்றர் பாடிக்கொண்டே வான் ஓட்டினார். நான் பின்னால் இருந்து, இவர் இதை யார் யாருக்குச் சொல்லுவார் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பயந்துகொண்டு வந்தேன்.

நான் நினைக்காத ஒருவருக்குத்தான் அவர் சொன்னார். அடுத்த கிழமை, சொலிசிற்றருக்கான கடிதத்தை என் கையில் தந்தார். தன் கைப்பட எழுதியது, இரண்டு பக்கம். சேவியர் கட்டிலில் இருந்தபடி தமிழாக்கி வாசித்தார். வாசிக்க வாசிக்க அவருடைய குரல் இறங்கியது.

"ஐயோ அண்ணை. 'இவர் என்ர கண்ணை, ஏன், உயிரையே காப்பாத்தினவர். சின்ன வயசிலயிருந்து துவக்கோட பழகின ஆள் எண்டு மலையில எல்லாருக்கும் விளங்கிச்சுது. இவ்வளவு நிதானமாத் துவக்குப் பிடிக்கிற மனிசனை நான் காணேல்லை. இப்பிடி ஒராள் இந்த நாட்டுக்குக் கிடைச்சது எங்கட பாக்கியம்.'"

அவர் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கிறான்," என்றார் சேவியர். "இதைக் குடுத்தீங்களெண்டால் நீங்கள் சொன்னது முழுக்கப் பொய்யெண்டு வரும்."

"சேவியர், நான் போய் உள்ளதைச் சொன்னாலென்ன? துவக்காலதானே ஓடி வந்தனான்."

"முதல் ஏன் சொல்லேல்லை எண்டு கேட்பாங்கள். என்ன சொல்லுவியள்? சேவியர் சொல்ல வேண்டாமெண்டவன் எண்டோ?"

அவரும் பயந்திருந்தார். நான் இரண்டு நாள் கடிதத்தை வைத்துக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் பீற்றரின் அறைக் கதவைத் தட்டி, சேவியர் சொல்லித் தந்த இங்கிலிஷில், துவக்கைப் பற்றிய வரிகள் இல்லாமல் வேறொன்று எழுதித் தரமுடியுமா என்று கேட்டேன். பீற்றரின் முகம் வாடிப்போனது. உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்த மிக நல்ல விசயம் அதுதானே என்றார். நான் தலையைக் குனிந்தேன். சற்று நேரத்தில் அவருக்கு ஏதோ விளங்கியது போலிருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் மச்ச மாமிசம் சாப்பிடாமல் வேலை முடிந்து ஆர்ச்வே முருகன் கோவிலுக்குப் போவது அவருக்குத் தெரியும். "ஆ, ரெம்பிள்," என்று மெதுவாகச் சொல்லி இரண்டு கையையும் கூப்பிக் காட்டினார். உயிர்களைக் கொல்வது என் சமயத்தில் பாவம், அது வெளியில் தெரிந்தால் எனக்கு வெட்கம் என்று அவர் எடுத்துக்கொண்டார். நானும் தலையாட்டினேன். அந்த வெள்ளிக்கிழமை சந்நிதியில் நிற்கக் கூச்சமாக இருந்தது. வேடன் வேசம் போட்டுக்கொண்டு வள்ளியைத் தேடிப்போனவரின் பெயரால் நான் இந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறேன்.

புதிய கடிதம் அரைப் பக்கம். நேரத்துக்கு வருவார், சுத்தமாக இறைச்சி வெட்டுவார், அமைதியானவர். அதைத்தான் கொடுத்தேன். முடிவு அந்த வருடக் கடைசியில் வந்தது. வயல் செய்யும் சாதாரண கமக்காரரான உம்மை இராணுவம் குறிப்பாகத் தேடுவதற்கு ஒரு காரணமும் தெரியவில்லை, ஆகவே நீர் அகதி இல்லை, ஆனால் நாட்டு நிலைமையால் தற்காலிகமாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். அகதியாக ஏற்றிருந்தால் குடும்பத்தை உடனே கூப்பிடலாம். தற்காலிகம் என்றால் நாலு வருடம் பொறுக்கவேண்டும். சேவியர் அதை வாசித்துவிட்டு என்னைப் பார்க்கவில்லை. கடிதத்தை மடித்துத் தந்துவிட்டு, குசினிக்குள் போய்ப் பைப்பைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார்.

உள்ளதைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்களா? எனக்குத் தெரியாது. அந்த நாலு வருடமும் இதே கேள்விதான். வவுனியாவில் சண்டை என்றால், மடுக் கோவிலில் இடம்பெயர்ந்த சனம் கூடிவிட்டது என்றால், ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்து அதையே என்னிடம் கேட்டுக்கொண்டிருப்பேன். மனைவியும் மகளும் தொண்ணூற்றைந்தில் வந்தார்கள். மூன்று வயதில் விட்டு வந்த பிள்ளை பதினொரு வயதில் வந்து, விமான நிலையத்தில் தாயின் பின்னால் நின்று என்னை அப்பா என்று கூப்பிடாமல் "நீங்கள்" என்றாள்.

இப்போது குட்மேய்ஸில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். மகள் மூன்று வருடத்தில் இங்கிலிஷ் படித்துவிட்டாள். என் படிவங்களை அவள்தான் நிரப்புகிறாள், பஸ் சாரதியிடம் ரிக்கற் கேட்கக் கூச்சப்படும் தகப்பனுக்காக அவள்தான் பேசுகிறாள். போன மாதம் ஏதோ கடுதாசி தேடும்போது பீற்றரின் முதல் கடிதத்தைக் கண்டெடுத்துவிட்டாள். நின்றபடியே வாசித்தாள், பிறகு தாய்க்குத் தமிழில் சொன்னாள். தட்டுத்தடுமாறித்தான் சொன்னாள், ஆனால் ஒன்றையும் விடவில்லை.

"அம்மா, இது ஆர்? அப்பாவோ?"

மனைவி வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினாள். "ஓம், அது கொப்பர்தான்," என்றாள். "வெள்ளைக்காரன் ஆளைச் சரியா அறிஞ்சிருக்கிறான்." அவளுடைய முகத்தில் எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு ஒரு பெருமை வந்தது.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, இவ்வளவு நல்ல லெற்றரை ஏன் குடுக்காமல் வைச்சிருந்தனீங்கள்?"

நான் கடிதத்தை வாங்கி மடித்தேன். குரோய்டனில் ஹோம் ஒபிஸின் ஒரு கோப்புக்குள், துவக்கைக் கையாலும் தொடாத ஒரு மனிதன் இருக்கிறான். இந்த நாட்டில் இருக்க அனுமதி கிடைத்தது அவனுக்குத்தான். என் மனைவி கலியாணம் கட்டியது மற்றவனை.