கிழிக்காத தீர்ப்பு

செம்பூரில் ஒரு கோலி காலியாகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அம்மா ஜன்னலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். கோலி என்றால் ஒற்றை அறைதான். ஆனால் அந்த அறைக்குக் கிழக்கே பார்த்த ஜன்னல் ஒன்று இருந்தது. தாராவியில் எங்கள் வீட்டுக்கு வெளிச்சம் கதவு வழியாக வந்து, அடுப்பு வரை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். வாசற்படியில் உட்கார்ந்து படித்துத்தான் மெட்ரிக் தேறினேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்ல ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை.

அறையைப் பிடிக்க முன்பணம் வேண்டும். தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்த அப்பா, தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்டார். குமாஸ்தா ஒரு பட்டியலைப் பார்த்துவிட்டு மறுத்துவிட்டார். அப்பாவின் மேல் கோர்ட்டுத் தீர்ப்பு ஒன்று, பணம் கட்டப்படாமல் நிற்கிறதாம். மழைக்கு முன் அதைச் சரிசெய்யாவிட்டால் கோலி கைவிட்டுப் போய்விடும்.

அப்பா அந்தப் பணத்தை எப்போதோ கட்டிவிட்டார். ஷெட் மூடிக் கிடந்த காலத்தில், எங்கள் ஊர்க்கார அண்ணாச்சியின் மளிகைக் கடையில் பாக்கி ஏறி, அவர் வழக்குப் போட்டு ஜெயித்தார். வேலை கிடைத்ததும் அப்பா அவர் கையிலேயே முழுவதையும் கொடுத்தார். கடன் தீர்ந்தால் காகிதத்தைக் கிழிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இருவரும் மாஹிம் உப்பங்கழிக் கரைக்குப் போய், அவரவரிடமிருந்த தீர்ப்பு நகலைக் கிழித்துத் தண்ணீரில் விட்டார்கள். சிறுமியாக நானும் கூடப் போயிருந்தேன். கடல் உள்வாங்கும் நேரம். துண்டுகள் மெல்லத் திரும்பி, ஒன்றையொன்று தொட்டு விலகி, கடலைப் பார்த்துப் போயின. கடன் என்பது வெள்ளையாக மிதக்கும் ஒரு பொருள் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன்.

கோர்ட்டில் இன்னொரு காகிதம் கிழிபடாமல் இருக்கும் என்று இருவருக்கும் தோன்றவேயில்லை.

நானே கோர்ட்டுக்குப் போய் விசாரித்தேன். பணம் வாங்கியவர் நேரில் வந்து சொன்னால் ‘தீர்ந்தது’ என்று பதிவு செய்வார்களாம். மனுவை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு, அம்மாவுடன் அண்ணாச்சி கடைக்குப் போனேன். அவர் மசியவில்லை. ஊர்க்காரனைக் கோர்ட்டுக்கு இழுத்தவர் என்று சந்து முழுவதும் அவரை ஏசியிருந்தது.

“அந்தக் கோர்ட்டுப் படிய இனி மிதிக்க மாட்டேன்னு அம்மன் முன்னால சத்தியம் பண்ணிருக்கேன், தாயி.”

எண்ணெய்ப் புட்டியை நீட்டியபடி அம்மா சொன்னாள்: “பணம் கேக்கப் போவ மாட்டேன்னுதான அண்ணாச்சி சத்தியம் பண்ணுனிய? பணம் வந்துட்டுன்னு சொல்லப் போனா அம்மன் எதுக்குக் கோவப்படுதா?”

அண்ணாச்சி சிரித்துவிட்டார். வக்கீலுக்குப் படிச்சது நீயா, ஒம் மவளா என்று கேட்டுக்கொண்டே எண்ணெய் அளந்தார்.

கோர்ட்டு அறையை நினைத்தால் இப்போதும் தூக்கம் போல ஏதோ கண்ணில் இறங்குகிறது. உயரத்தில் விசிறிகள் சுற்றின. ஜன்னல் மேல் புறாக்கள் முனகின. மனிதர்களின் குரல்கள் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் வந்தன. எங்கள் முறை வந்ததும் நீதிபதி ஆங்கிலத்தில் கேட்டார். நான் அதை அண்ணாச்சிக்குத் தமிழில் சொன்னேன். அண்ணாச்சி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அப்பா பக்கத்தில் நின்றார்.

“வாங்கிட்டேன், ஐயா. பைசா பாக்கி இல்ல. இவரு நாணயமான மனுசன்.”

கடைசி வாக்கியம் கோர்ட்டுக்குத் தேவையில்லை. அதையும் மொழிபெயர்த்தேன், மற்றதைவிடச் சற்று உரக்க. நீதிபதி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். கோர்ட்டுக் குமாஸ்தா வழக்குக் கட்டை மறுபடி சிவப்பு நாடாவால் கட்டினார்.

அப்பா நகரவில்லை. “கிழிக்கலையா?” என்று என் காதில் கேட்டார்.

கோர்ட்டில் கிழிக்க மாட்டார்கள், தீர்ந்ததென்று எழுதி வைப்பார்கள் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பந்தியில் உட்கார்ந்து சாப்பிடாமல் எழுந்தவரைப் போல ரயிலில் வந்தார்.

சில நாள் கழித்துக் கோர்ட்டு முத்திரை வைத்த நகல் கிடைத்தது. அன்று சாயங்காலம் அப்பாவும் நானும் மாஹிமில் இறங்கி நடந்தோம். கழிக்கரை வந்ததும் அப்பா நின்றார். நகலை வெளியே எடுத்து, மேல் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்தார். நான் அவர் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டேன்.

“அப்பா, இதக் கிழிச்சா சங்கத்துல திரும்பவும் கடன்காரரா ஆயிருவிய.”

அவர் சற்று யோசித்தார். நகலை என்னிடம் கொடுத்துவிட்டு, நாங்கள் தின்றுகொண்டு வந்த வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார். மிச்சக் கடலையை என் கையில் கொட்டினார். பொட்டலக் காகிதத்தை நிதானமாக, சிறுசிறு துண்டுகளாகக் கிழித்து நீரில் விட்டார். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. துண்டுகள் கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம்.

மறுநாள் சங்கத்துக் குமாஸ்தா பட்டியலில் அப்பா பெயரின் மேல் கோடு போட்டார். செம்பூருக்கு வந்து ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. அம்மா அந்த ஜன்னலுக்கு இன்னும் திரை போட விடவில்லை.