பக்கத்து வீட்டு உருது நாவலில் நான்

நல்லேப்பிள்ளியில் எங்கள் பக்கத்து வீட்டில் இருப்பவர் நாவலாசிரியை. எழுதுவது உருதுவில். வாணியம்பாடியில் பிறந்து, ஜவுளிக்கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தவர். புத்தகங்கள் ஹைதராபாத்தில் அச்சாகின்றன. இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவற்றைப் படிக்க ஓர் ஆளில்லை. அதனால் ஓர் அத்தியாயம் முடிந்ததும் நோட்டோடு என் வீட்டுக்கு வந்துவிடுவார். உருதுவைப் பார்த்துக்கொண்டே தமிழில் கதை சொல்லுவார். நான் வெங்காயம் உரித்தபடி கேட்பேன். நடுவில் அடுப்பைப் பார்க்க எழுந்தேன் என்றால், அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வார். சுவாரசியம் இல்லாத இடமாம். ஒருநாள் சாம்பார் பொங்கியதில், பாவம், அருமையான கல்யாணக் காட்சி ஒன்று அடிபட்டுப் போனது.

போன வருஷம் எழுதிய நாவலில் புருஷனை இழந்த ஒருத்தி தனியாக வயல் பார்க்கிறாள். பம்புசெட்டைத் திட்டுகிறாள், கொக்கைத் திட்டுகிறாள், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வரப்பில் நடக்கிறாள். கேட்கக் கேட்க எனக்குப் பிடிபட்டுவிட்டது. அது நான்தான். உள்ளுக்குள் பெருமையாகவே இருந்தது. நாற்று நட்ட எட்டாம் நாள் அவள் வயல் பூத்தபோது மட்டும் பொறுக்கவில்லை.

"எட்டே நாள்ல எந்த நெல்லுங்க பூக்கும்? என்ற மானத்த வாங்காதீங்க," என்றேன். மாற்றினார்.

கடைசி அத்தியாயத்தில் அவள் கிணற்றடியில் போய் நின்றாள். வெங்காயம் உரித்த கை அப்படியே நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் இறந்த புதிதில் நானும் அப்படி நின்றிருக்கிறேன். அதை இவர் ஒருவரிடம்தான் சொல்லியிருந்தேன்.

"ஏனுங், அவளச் சாகடிச்சுப் போடாதீங்க. கும்புட்டுக் கேக்கறேன்."

"சரிங்க அக்கா," என்றவர், அவள் வீடு திரும்பியதாகச் சொல்லிக் கதையை முடித்தார்.

புத்தகம் வந்ததும் எனக்கு ஒரு பிரதி தந்தார். சும்மா இருக்க முடியுமா? கடைசிப் பக்கத்தைப் போனில் படமெடுத்துத் தமிழாக்கச் சொல்லி மருமகளை நச்சரித்தேன். கதாநாயகி துணி உலர்த்திக்கொண்டே கொக்கைத் துரத்துவதாகப் போன் சொன்னது. செத்தவள் துணி உலர்த்துவாளா? உடனே சேமியா பாயசம் வைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

போன் சொன்னதை நான் சொல்லக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். "அக்கா, உருதுப் புத்தகத்த வலது பக்கத்துல இருந்து தொறக்கோணும். நீங்க பாத்தது மொதப் பக்கமுங்க!"

"அப்பக் கடைசிப் பக்கத்துல?"

சிரிப்பு நின்றது. தலை குனிந்துகொண்டார்.

"விழுந்துட்டாளுங்க அக்கா. எழுதறப்ப வேற மாதிரி வரலீங்க. ஆனா உங்களுக்குச் சொன்ன கதைல அவ உசுரோடதான் இருக்கறா."

பாயசத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்று இருந்தது, அவ்வளவு கோபம். ஆனாலும் கால் நகரவில்லை. என்னைக் கொன்றவரிடம் போய்க் கேட்கிற கேள்வியா அது? கேட்டுவிட்டேன்.

"ஊட்டுக்குத் திரும்பி வந்தாளே, அப்பறம் அவ என்னங்க பண்ணுனா?"

"அது உங்களுக்குத்தானுங்க அக்கா தெரியும்," என்றார்.